பிள்ளைப்பாக்கத்துக்கு நான் போட்ட தண்டவாளம்

என் கல்யாணத்தன்று அப்பா வேனில் ஏற மறுத்தார். அதனால்தான் அந்த வருஷக் கடைசியில் நான் தண்டவாளம் தேடி அலைந்தேன்.

பெரம்பூர் மாதா கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. பிரியாணி சாப்பிட்டாகிவிட்டது. மாப்பிள்ளை ஊரான பிள்ளைப்பாக்கத்துக்குப் புறப்பட வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது. அம்மா ஏறிவிட்டாள், சித்திகள் ஏறிவிட்டார்கள், சீர்வரிசைப் பித்தளைக் குடம்கூட ஏறிவிட்டது. அப்பா மட்டும் ரோட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அந்த ஊருக்கு ஒரு ரயிலு கெடையாது,” என்றார், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி. “என்னிக்கு ரயிலு வருதோ அன்னிக்கு வரேன்.”

அப்பா ரயில்வேயில் கூட்ஸ் ஆபீஸ் கிளார்க். என்ஜின் ஓட்டியதில்லை, கொடி காட்டியதில்லை, சரக்குச் சீட்டு எழுதியதோடு சரி. ஆனால் தண்டவாளம் முழுவதையும் தன் தோளில் சுமந்து வந்து போட்டவர் மாதிரி ஒரு பெருமை. யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, உங்களுக்கு எந்த ஸ்டேஷன் என்பதுதான். பெண் கேட்டு வந்த என் கணவரிடமும் அதையே கேட்டார். திருவள்ளூரில் இறங்கி பஸ் பிடிக்கணும் என்று அவர் உண்மையைச் சொன்னார். பாவம், பொய் சொல்லியிருக்கலாம்.

உண்மையான கோபம் ரயில் மேல் இல்லை என்று எனக்கும் தெரியும். மூன்று வருஷம் பெரம்பூரிலிருந்து பென்னலூர்ப் பக்கத்துக் கம்பெனிக்கு பஸ்ஸில் போய் வந்தேன். அங்கே லேத் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை நானே பார்த்தேன், நானே முடிவு செய்தேன், எல்லாம் முடிந்தபிறகு வீட்டில் சொன்னேன். தன்னைக் கேட்கவில்லையே என்று வாய்விட்டுச் சொல்ல அப்பாவின் கௌரவம் விடவில்லை. கைக்குக் கிடைத்த ரயிலைப் பிடித்துக்கொண்டார்.

அப்பாவின் மூக்கும் அப்பாவின் கோபமும் எனக்கு அப்படியே வந்திருக்கின்றன. ரயில் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பூந்தமல்லி வரைக்கும் கோபம், அதற்கப்புறம் அழுகை. இது 1991 பிப்ரவரி. அதிலிருந்து பத்து மாதம் அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா மட்டும் எதிர்வீட்டு போனிலிருந்து கம்பெனிக்குக் கூப்பிட்டு, இரண்டு நிமிஷம் மூக்கை உறிஞ்சிவிட்டு வைப்பாள்.

அக்டோபரில் என் நாத்தனார் லீவில் வந்தார். ஜெர்மனியில் நர்ஸ். பெட்டியைத் திறந்தால் சாக்லேட், சோப்பு, அதற்கடியில் ஸ்வெட்டரில் சுற்றிய ஒரு ரயில். கறுப்பு என்ஜின் ஒன்று, சிவப்புப் பெட்டி இரண்டு. என்ஜின் மட்டுமே ஒரு முழம் நீளம். அந்த ஊரில் பெரியவர்களே தோட்டத்தில் பாதை போட்டு இதை ஓட்டி விளையாடுவார்களாம். வருஷா வருஷம் வாசலில் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு அழகாக இருக்குமே என்று தன் அம்மாவுக்காக வாங்கி வந்திருந்தார். தண்டவாளம் கனமாக இருந்ததால் விட்டுவிட்டு வந்தாராம். அதுதான் இங்கேயே கிடைக்குமே என்றார், கொத்தமல்லிக் கட்டு மாதிரி.

நான் அந்த என்ஜினைக் கையில் எடுத்தேன். எடுத்த நிமிஷமே சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. மாமியார் தண்ணீர் கொண்டுவந்தார். என் கணவர் என்ன ஆயிற்று என்று தோளைப் பிடித்து உலுக்கினார்.

“நம்மூருக்கு ரயிலு வந்துச்சுங்க,” என்றேன். “பாதைதான் போடணும். வாசப்படிலேர்ந்து கேட்டு வரைக்கும். எங்கப்பா வந்து நிக்கறாரா இல்லியான்னு பாப்போம்.”

 அவர் உடனே அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதில் நான் தப்பே செய்யவில்லை என்று அன்றைக்கு மறுபடி தெரிந்தது. வாசற்படியிலிருந்து கேட் வரை, குடில் வைக்கும் பூவரச மரத்தை ஒரு வளைவு சுற்றி, ஐம்பது அடி வந்தது. இரண்டு கம்பி வேண்டும், ஆக நூறு அடி.

கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். லைனிலிருந்து வரும் ஒவ்வொரு சாமானையும் வெர்னியர் வைத்து அளந்து, சரி, சரியில்லை என்று பிரிக்கும் வேலை. வீட்டில் தோசையைக்கூட அளப்பேன் என்று என் கணவர் கேலி செய்வார். சக்கரங்களை அளந்தேன். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே சரியாக நாற்பத்தைந்து மில்லிமீட்டர் வேண்டும். இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்த என்ஜினுக்கு கரண்ட் தண்டவாளம் வழியாகத்தான் ஏறும். ஆகவே மரம் உதவாது, பிளாஸ்டிக் உதவாது. இரண்டு கம்பியும் உலோகமாக இருக்கவேண்டும், ஒன்றோடொன்று தொடவும் கூடாது.

முதலில் சென்னைக்குப் போய் ஒரு பெரிய பொம்மைக் கடையில் கேட்டோம். அசல் சாமான் ஒரே ஒரு துண்டு இருந்தது. பித்தளைத் தண்டவாளம், ஒரு அடி. கடைக்காரர் அதைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்துக் காட்டினார். விலையைக் கேட்டதும் என் கணவர் தானும் இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கணக்கில் ஐம்பது அடி போட்டால் நாங்கள் இருவரும் வருஷம் முழுக்க ஓ.டி. பார்த்துக்கொண்டு, தண்டவாளத்தின் மேலேயே படுத்துக்கொள்ளவேண்டியதுதான்.

அடுத்து சுங்குவார்சத்திரத்தில் ஹார்டுவேர் கடை. ஜன்னல் திரை மாட்டும் அலுமினிய சேனல் பளபளவென்று இருந்தது. விலையும் பரவாயில்லை. ஆசையாக இரண்டு வாங்கிவந்தோம். நேராக வைத்தால் ரயில் நிற்கிறது. பூவரச மரத்துக்கு வளைத்தால் சேனல் நசுங்கி, வாயைக் கோணிக்கொண்டது. சூடு காட்டி வளைத்தோம், மணல் நிரப்பி வளைத்தோம். கடைசியில் மாமியார் அதை வாங்கிக்கொண்டுபோய் கோழிக்கூண்டுக்குத் தாழ்ப்பாள் ஆக்கினார்.

இதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துபோய், பார்க்கிறவர்களெல்லாம் ஆலோசனை சொன்னார்கள். கொத்தனார் ஒருவர் சிமெண்டில் இரண்டு பள்ளம் இழுத்துத் தருகிறேன் என்றார். குடைக்கம்பி போடச் சொன்னார் ஒருவர். சைக்கிள் ரிம்மை வெட்டி நிமிர்த்தச் சொன்னவர், தன் சைக்கிளைத் தரச் சம்மதிக்கவில்லை. எங்களுக்குக் கோபமே வரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு யோசனையையும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து முடிப்போம். அப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் சிரிப்புதான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

விடை கம்பெனி கேட்டுக்கு எதிரிலேயே கிடந்தது. கம்பெனிகளுக்கு மிஷின் வரும் பெரிய மரப்பெட்டிகளை இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். பெட்டியைப் பிரித்ததும் பட்டையை வெட்டி எறிந்துவிடுவார்கள். அது சுருள் சுருளாகக் காயலான் கடைக்குப் போய்ச் சேரும். ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தச் சுருளைப் பார்த்தேன். படுக்கவைத்தால் பட்டை. நிமிர்த்தி விளிம்பில் நிற்கவைத்தால்? மனசு குதித்தது. பஸ்ஸை விட்டுவிட்டு கடைக்குள் போய், பையிலிருந்த வெர்னியரை எடுத்து அளக்க ஆரம்பித்தேன்.

கடைக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். “இன்னாம்மா, குப்பைய அளந்துக்கினு கீற?”

தண்டவாளம் போட என்று சொன்னேன்.  அவர் தராசில் ஒரு சுருளை எடுத்துவைத்தார், பிறகு கேட்காமலே இன்னொரு சிறிய சுருளையும் அதன் மேல் போட்டார். பைத்தியத்துக்கு இரக்கப்பட்டுப் போட்டது என்று இப்போதும் நினைக்கிறேன். மொத்தமும் இரண்டு சினிமா டிக்கெட் விலைக்குள் முடிந்தது.

அதற்குப்பின் ஒரு மாதம் எங்கள் வாசல் தொழிற்சாலை ஆனது. சவுக்குக் குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி ஸ்லீப்பர் கட்டைகள் செய்தோம். கட்டையில் இரண்டு வெட்டு, நடுவே நாற்பத்தைந்து மில்லி. அந்த வெட்டில் பட்டையை நிமிர்த்திச் செருகினால் தானாக நிற்கும், ஆணி வேண்டாம். ஒற்றைப் பட்டை மெலிசாக இருந்து நடுங்கியது. இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துச் செருகினோம். அப்போதுதான் அந்த அற்புதம் தெரிந்தது. ஒரு பட்டை முடியும் இடத்தில் அதன் ஜோடி முடியாதபடி பார்த்துக்கொண்டால், மூட்டே தேவையில்லை. ஒவ்வொரு பக்கமும் ஐம்பது அடிக்கும் ஒரே கம்பி. என் கணவர் இரும்பறுக்கும் ஆக்சா பிரேமில் இரண்டு பிளேடைச் சேர்த்து மாட்டி, இரட்டைப் பட்டைக்குத் தக்க அகலத்தில் கட்டைகளை ஒரே இழுப்பில் வெட்டினார். நான் கம்பெனிப் பழக்கத்தில் ஒரு தகரத்துண்டை நாற்பத்தைந்துக்கு வெட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையையும் சோதித்தேன். தேறாததை அடுப்புக்குத் தள்ளினேன். பதினேழு கட்டை தள்ளியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு நானே போய் முட்டை தோசை போட்டுக் கொடுத்து சமாதானம் செய்தேன்.

பட்டை வளைவுக்கு எப்படி வளைந்துகொடுத்தது என்கிறீர்கள்! பூவரச மரத்தைச் சுற்றி, கையால் தள்ளினாலே போனது. மேல்விளிம்பில் எமரித்தாள் தேய்த்து பெயிண்டை எடுத்தோம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். பக்கத்து வீட்டு டிராக்டர் பாட்டரியைக் கடன் வாங்கி ஒயரைத் தொட்டதும், என்ஜின் ஒரு முறை சிலிர்த்து, புறப்பட்டு, வளைவு திரும்பி, கேட்டில் போய் இடித்து நின்றது. நான் கத்திய கத்தலில் மாமியார் அரிவாள்மணையோடு ஓடிவந்தார்.

அன்றைக்கே கம்பெனி டைப்பிஸ்டைக் கெஞ்சி ஓர் அறிவிப்பு அடித்து பெரம்பூருக்கு அனுப்பினேன். “பிள்ளைப்பாக்கத்துக்கு ரயில். டிசம்பர் 25, முதல் வண்டி. வீட்டு வாசற்படி புறப்பாடு காலை 10.00. கேட் வருகை 10.01. பொதுமக்கள் கேட்டுக்கு வெளியே நிற்கவும்.” கீழே ஒன்றும் எழுதவில்லை. வாருங்கள் என்று எழுத எனக்கும் கௌரவம் இடம் தரவில்லை.

ஒரு வாரம் கழித்து அதே தாள் திரும்பி வந்தது. அப்பாவின் சிவப்பு மையில், ஓரமாக, இரண்டே வார்த்தை. “வண்டி எண்?”

அதைப் படித்துவிட்டு நான் ஆடினேன். நிஜமாகவே வாசலில் ஆடினேன். பத்து மாதத்தில் அப்பா எனக்குச் சொன்ன முதல் இரண்டு வார்த்தைகள். வருவார் என்று அதில் இல்லை. வரமாட்டேன் என்றும் இல்லை. என் கணவர் என்ஜின் பக்கத்தில் வெள்ளை பெயிண்டால் 1 என்று எழுதினார்.

சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கொட்டாங்கச்சியில் மண் போட்டுக் கேழ்வரகு விதைப்பது எங்கள் வழக்கம். இளம்பச்சையாக முளைத்ததும் குடிலைச் சுற்றி வயல் மாதிரி வைப்போம். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வெயில் படாது. மூன்று வாரம் முன்னால் விதைத்தால்தான் விரல் உயரத்துக்காவது வரும். அந்தக் கணக்கிலேயே இங்கும் மூன்று வாரம் முன்னால் விதைத்தேன். கொட்டாங்கச்சியில் இல்லை. தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும், இரண்டு கம்பிக்கு நடுவிலும், ஐம்பது அடிக்கும் விதைத்தேன். வயல் நடுவே ரயில் போகவேண்டுமாம்.

பிள்ளைப்பாக்கத்து மண் பெரம்பூர்க் கொட்டாங்கச்சி இல்லை. அதிலும் என் மாமியார் பிறந்ததிலிருந்து நிலத்தில் வேலை செய்தவர். மருமகள் ஆசையாக விதைத்திருக்கிறாளே என்று, நான் ஷிப்டுக்குப் போன நேரத்தில் தினமும் தண்ணீர் ஊற்றி, சாணி எருவும் போட்டிருக்கிறார். நானும் தினமும் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். இருபத்துநான்காம் தேதி மத்தியானம் பாட்டரி இல்லாமல் ரயிலை எடுத்து வைத்துப் பார்த்தால், ரயிலைக் காணோம். மேலே புகைபோக்கி மட்டும் தெரிகிறது.

மாமியாரைப் பார்த்தேன். அவர் பெருமையாக நின்றார்.

“அறுவடைக்கு ஆள் சொல்லட்டுமா?” என்றார் என் கணவர். அதோடு சரி, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். சிரித்து முடிக்க கால் மணி ஆயிற்று. பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் முட்டிபோட்டு, பொழுது சாயும்வரை ஐம்பது அடியையும் வெட்டினோம். ஓட்டிப் பார்க்க முடியவில்லை, டிராக்டர் லோடு ஏற்றப் போயிருந்தது. பாட்டரி மறுநாள் காலை பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் வந்தது. ஒயரையும் ஸ்விட்சையும் மாட்டி நிமிர்கிறேன், ரோட்டில் பஸ் நிற்கிற சத்தம்.

அம்மா முன்னால் வந்தாள். அவளுக்குச் சபதமெல்லாம் கிடையாது. கேட்டைத் திறந்தாள், தண்டவாளத்தைத் தாண்டினாள், என் கன்னத்தைத் தடவிவிட்டு நேராக என் மாமியாரைத் தேடி அடுப்படிக்குப் போய்விட்டாள். பின்னால் அப்பா. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. பத்து மாதத்தில் முடி முழுக்க நரைத்திருந்தது.  அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். ஒரு கால்கூட உள்ளே வைக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பத்து மணி. ஸ்விட்சை அழுத்தினேன்.

வண்டி எண் 1 புறப்பட்டது. பச்சைக் கட்டைப்புல் நடுவே சிவப்புப் பெட்டிகள் எவ்வளவு அழகாகப் போயின! குடிலைச் சுற்றியது. மாதாவையும் சூசையப்பரையும் ஒட்டகத்தையும் தாண்டியது. கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. நேற்று வெட்டிய புல்லில் பாதி கம்பி மேலேயே விழுந்திருந்தது. சக்கரம் அதை அரைத்துத் துவையலாக்கி, அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு நின்ற இடத்தில் சுற்றியது.

என் கணவர் தள்ளிவிடலாம் என்று குனிந்தார். தொடக்கூடாது என்று சத்தம் போட்டேன். கையால் தள்ளினால் அது ரயில் வந்ததாகாது. அப்பா அப்படித்தான் சொல்வார், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

அப்பா கேட்டுக்கு வெளியே நின்று என்ஜினையே பார்த்தார். அவர் அங்கே, நான் வாசற்படியில், நடுவில் ரயில். ஸ்விட்சிலிருந்து நான் கை எடுக்கவில்லை. அவர் திரும்பி பஸ்ஸுக்குப் போய்விட்டால் அதற்கப்புறம் கூப்பிட என்னிடம் வேறு ஒன்றும் இல்லை என்று அந்த நிமிஷம் பயந்துபோனேன்.

“பச்சைய அரைச்சு வச்சிக்கினு ஓடு ஓடுன்னா எப்பிடி ஓடும்?” என்றார் அப்பா. என்னிடம் இல்லை, என்ஜினிடம்.

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். வெளியே நின்றபடியே குனிந்து, கேட்டோரக் கம்பியைத் துடைத்தார். கை எட்டும்வரை துடைத்தார். பிறகு ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, உடம்பை நீட்டி, இன்னும் ஓர் அடி துடைத்தார். கால் இரண்டும் வெளியேதான். என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் பூவரச மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை.

கை அதற்குமேல் எட்டவில்லை. அப்பா நிமிர்ந்தார். கைக்குட்டையை மடித்துச் சுத்தமான பக்கத்தை மேலே கொண்டுவந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு மற்றதையும். முட்டிபோட்டு, ஒரு கம்பி, மறு கம்பி, ஒரு கம்பி, மறு கம்பி என்று துடைத்துக்கொண்டே வந்தார். பட்டு வேட்டியில் பச்சைக் கறை ஏறுவதை அவர் கவனிக்கவில்லை. அவர் என்ஜினுக்கு முன்னால் வந்ததும் நான் ஸ்விட்சை அணைத்தேன். அவர் என்ஜினை மெல்லத் தூக்கி, சக்கரங்களை விரலால் சுரண்டிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“கரண்ட் குடும்மா,” என்றார்.

கொடுத்தேன். வண்டி அவர் முட்டியை உரசிக்கொண்டு புறப்பட்டு, பத்தடியையும் ஓடி, கேட்டில் போய் இடித்து நின்றது. அங்கே அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. நாங்கள் எல்லாரும் உள்ளே இருந்தோம்.